பழைய ட்ரக் வாங்கிச் சொந்தமாக ஓட்டப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ட்ரெயிலர் வண்டி ஓட்டத் தேவையான ஏஇசட் உரிமம் எடுத்து, கொம்பனி வண்டியில் சில வருடம் ஓடியபின் சொந்தமாக ஒரு ட்ரக் வாங்கும் யோசனை வராதவர்கள் குறைவு. புது வண்டியின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறோம். ரொறன்ரோ, பிரம்டன், மிசிசாகா பக்கத்து எங்கள் ஆட்கள் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ட்ரக் என்று நான் சொல்வது ட்ரெயிலரை இழுக்கும் முன்பகுதியை, அதாவது ட்ராக்டரை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பிராண்டா, ஓடிய தூரமா, விலையா?

மூன்றும் பிறகு. அந்த வண்டியால் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விண்ட்சருக்கும் மொன்றியலுக்கும் இடையே ட்ரை வான் எனப்படும் மூடிய பெட்டி ட்ரெயிலரை இழுக்கிற வண்டி வேறு, வடக்கே சட்பரி, தண்டர் பே பக்கம் மரமும் இரும்பும் இழுக்கிற வண்டி வேறு. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மொத்த எடைக்கான பொது எல்லை 80,000 இறாத்தல், கிட்டத்தட்ட 36,300 கிலோ. ஒன்ராறியோவிலோ பல அச்சுகள் உள்ள வண்டி 63,500 கிலோ வரை போகலாம்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கித்தான் பலர் கஷ்டப்படுகிறார்கள். அமெரிக்கப் பெரிய கொம்பனிகள் டீசல் மிச்சம் பிடிப்பதற்கென்றே சில வண்டிகளை எடுப்பார்கள். அவற்றில் பின் அச்சு விகிதம், அதாவது சில்லு ஒருமுறை சுற்ற இழுப்புத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு, 2.6, 2.4 என்று குறைவாக இருக்கும். சிலவற்றில் பின்னால் இரண்டு அச்சு தெரிந்தாலும் ஒன்றுதான் இழுக்கும். சமதரையில் வான் இழுக்க அருமையான வண்டி. அதையே இரண்டு ட்ரெயிலர் தொடுத்த பாரமான பி-ட்ரெயினில் பூட்டினால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் தேயும், பனியில் ஏற்றத்தில் சில்லு சும்மா சுற்றும். விளம்பரத்தில் அச்சு விகிதம் போட்டிருக்காது. கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஏதாவது கொம்பனியோடு சேர்ந்து ஓடப் போகிறீர்கள் என்றால், வண்டியைத் தேட முன்பே அவர்களிடம் கதையுங்கள். இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை எடுக்க மாட்டோம் என்று பல இடங்களில் கட்டுப்பாடு இருக்கிறது.

சரி, எந்த எஞ்சின் நல்லது?

வீட்டுக்குப் பக்கத்திலும் நீங்கள் ஓடும் பாதையிலும் எந்த எஞ்சினுக்கு கராஜ் அதிகமோ அதுதான் உங்களுக்கு நல்லது. இதை நான் முழுமனதோடு சொல்கிறேன். நல்ல எஞ்சினும் பழுதாகும். பழுதானால் எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் உங்கள் வருமானம் இருக்கிறது.

ஃபிரெய்ட்லைனர் கஸ்கேடியாவில் வரும் டெட்ரொய்ட் டிடி15 எங்கும் கிடைக்கும், பாகமும் மெக்கானிக்கும் தாராளம். கம்மின்ஸ் எக்ஸ்15 கென்வேர்த், பீட்டர்பில்ட், இன்டர்நஷனல் என்று பல வண்டிகளில் வருவதால் எந்த ஊரிலும் ஆள் பிடிக்கலாம். வொல்வோ டி13, அதன் உறவான மாக் எம்பி8 இரண்டும் டீசலுக்குச் சிக்கனமானவை, ஆனால் கொஞ்சம் பெரிய வேலை என்றாலே டீலரிடம் போக வேண்டி வரும். பக்கார் எம்எக்ஸ்-13 பற்றியும் அதேதான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். 2011 முதல் 2014 வரையான இன்டர்நஷனல் வண்டிகளில் வந்த மக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 எஞ்சின்கள். மற்ற எல்லோரும் புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்ற யூரியாத் திரவத்துக்கு மாறிய நேரத்தில் நவிஸ்டார் கொம்பனி அது இல்லாமல் சமாளிக்கப் பார்த்தது. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் முறையை மட்டுமே நம்பியது. 2012இல் அந்த வழியைக் கைவிட்டது. வண்டி வாங்கியவர்கள் போட்ட வழக்கு 13.5 கோடி அமெரிக்க டொலர் சமரசத்தில் முடிந்தது. இந்த வண்டிகள் மலிவாக வரும். மலிவுக்குக் காரணம் இதுதான்.

2010 முதல் 2015 வரையான கம்மின்ஸ் எஞ்சின் என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். புகை சுத்தமாக்கும் வினையூக்கி சீக்கிரம் பலம் இழக்கிறது என்று 2018இல் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். விஐஎன் எனப்படும் வண்டியின் அடையாள இலக்கத்தைக் கொடுத்தால் அந்த வேலை நடந்ததா இல்லையா என்று கம்மின்ஸ் டீலர் சொல்வார்.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி வரை வாங்கலாம்?

தூரத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் எஞ்சின் கணினியில் இருக்கும். 960,000 கிலோமீட்டர், 18,000 மணித்தியாலம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 53 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி என்று நம்பலாம். அதே தூரத்துக்கு 27,000 மணித்தியாலம் என்றால் சராசரி 36க்கு இறங்கிவிடும். இரவிரவாக எஞ்சினைப் போட்டு டிரைவர் படுத்திருக்கிறார், அல்லது நகரத்துக்குள் நின்று நின்று ஓடியிருக்கிறது. நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு 3 லிட்டர் அளவில் டீசல் குடிக்கும், போதாததற்குப் புகைக்குழாய் முழுக்கக் கரி சேர்க்கும். 11 லட்சம் ஓடிய நெடுஞ்சாலை வண்டியை விட 7 லட்சம் ஓடிய நகர வண்டி மோசமாக இருக்கலாம்.

பெரிய கொம்பனிகள் ஏன் நாலைந்து வருடத்தில் விற்கிறார்கள் என்றும் யோசியுங்கள். நீட்டித்த எஞ்சின் உத்தரவாதம் பெரும்பாலும் 5 வருடம் அல்லது 500,000 மைல், அதாவது 8 லட்சம் கிலோமீட்டர் அளவில் முடிகிறது. அதற்குப் பிறகு வரும் செலவு வாங்குபவர் தலையில். இது ஏமாற்று வேலை இல்லை, அவர்களுடைய கணக்கு அப்படி. உங்கள் கணக்கிலும் அது இருக்க வேண்டும்.

புகை சுத்தமாக்கும் அமைப்புதான் எல்லோரையும் பயப்படுத்துகிறது. அதில் என்னதான் இருக்கிறது?

பயப்படுவது நியாயம். இந்தக் காலத்துப் பழைய ட்ரக்கில் காசு கரைவது பெரும்பாலும் இங்கேதான்.

2007 விதிகளோடு டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்தது. 2010 விதிகளோடு டெஃப் எனப்படும் யூரியாத் திரவத்தைப் புகையில் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும் சேர்ந்தது. வடிகட்டியில் கரி நிறைந்ததும் எஞ்சின் சூட்டைக் கூட்டி அதை எரிக்கும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கான பில் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஒரு பிரச்சினையும் வரவில்லை, அதனால் கழற்றவில்லை" என்பது 9 லட்சம் ஓடிய வண்டிக்கு நல்ல பதில் இல்லை.

வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் வடிகட்டியில் இல்லை. ஒழுகும் இன்ஜெக்டர், ஒயிலை விடும் டர்போ, உள்ளே வெடித்த ஈஜிஆர் கூலர் (திரும்ப அனுப்பும் புகையைக் குளிரவைக்கும் பாகம்), இவற்றில் ஏதோ ஒன்று கரியையோ ஒயிலையோ தண்ணீரையோ அதற்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வடிகட்டியை மட்டும் மாற்றி விற்கும் வண்டி மூன்று மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஆகவே ரீஜென் பதிவைக் கணினியில் பாருங்கள். கராஜில் நிறுத்திக் கட்டாயமாகச் செய்த ரீஜென் பல இருந்தால், அதுவும் கிட்டடியில் என்றால், ஏன் என்று தெரியாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஆறிய புகைக்குழாயின் உள்பக்கத்தைத் துடையுங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் துணியில் மெல்லிய சாம்பல் நிறம், அவ்வளவுதான். மையாகக் கறுப்பு ஒட்டினால் வடிகட்டி உள்ளே வெடித்திருக்கலாம், அல்லது அங்கே வடிகட்டியே இல்லாமலிருக்கலாம். பிறகு டெஃப் தெளிக்கும் வால்வைச் சுற்றிப் பாருங்கள். உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிகம் தெரிந்தால் ஒழுக்கு இருக்கிறது.

இந்த அமைப்பில் கோளாறு வந்து அதைக் கவனிக்காமல் விட்டால் வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்து, கடைசியில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊரும். 401 நெடுஞ்சாலையில் நடு இரவில் சரக்கோடு அப்படி நிற்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

எமிஷனை டிலீட் செய்த, அதாவது இந்தப் புகை அமைப்பைக் கழற்றிவிட்ட, வண்டி மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். அமெரிக்காவிலும் ஒன்ராறியோவிலும் அது சட்டவிரோதம். கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்ட ஆகும் செலவு, மலிவாக வாங்கியதில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். விற்கவும் முடியாது.

2000க்கு முந்திய பழைய வண்டி வாங்கினால் இந்தத் தலையிடி இல்லையே?

இல்லைத்தான். ஓட்டும் நேரத்தைப் பதியும் மின் பதிவேடான ஈஎல்டியும் அவற்றுக்குக் கட்டாயமில்லை. டெட்ரொய்ட் சீரிஸ் 60, கற்றபில்லர் எஞ்சின்கள் மீது பலருக்கு இன்றும் பற்று உண்டு, அது நியாயமான பற்று. ஆனால் கற்றபில்லர் 2010இல் நெடுஞ்சாலை எஞ்சின் தயாரிப்பை விட்டுவிட்டது. 2023 தொடக்கம் 2010க்கு முந்திய எஞ்சினோடு கலிபோர்னியாவுக்குள் ஓட முடியாது. பல கொம்பனிகள் அவ்வளவு பழைய வண்டியைச் சேர்ப்பதும் இல்லை. நீங்களே கையில் ஸ்பானர் எடுப்பவர், உள்ளூர் வேலை கையில் இருக்கிறது என்றால் பார்க்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எங்கே வாங்குவது?

முதல் தெரிவு, தன் வண்டிகளைத் தானே பராமரித்த ஒரு நடுத்தரக் கொம்பனி. விஐஎன் இலக்கத்துக்கு ஒயில் மாற்றிய நாள் தொடக்கம் மாற்றிய பல்ப் வரை அச்செடுத்துத் தருவார்கள். அப்படிப்பட்ட கட்டு ஒன்று கையில் கிடைத்தால் இருந்து வாசியுங்கள். ஒரே பாகம் திரும்பத் திரும்ப மாறியிருந்தால் அங்கே தீராத வியாதி இருக்கிறது.

அடுத்தது, வண்டி தயாரிப்பாளரின் சொந்தப் பழைய வண்டி நிலையங்கள். விலை கூட, ஆனால் சில மாத உத்தரவாதம் கிடைக்கலாம். தனி ஓனரிடம் வாங்குவதும் நல்லதுதான், அவர் ஏன் விற்கிறார் என்பது விளங்கினால். ஏலம் முதல் வண்டி வாங்குபவருக்கு உகந்த இடமில்லை. எஞ்சினைப் போட்டுப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.

அமெரிக்காவின் தெற்கிலிருந்து கொண்டுவரும் வண்டியில் துரு இராது, அது பெரிய லாபம். இறக்குமதி நடைமுறை, வரி, டொலர் மாற்று எல்லாவற்றையும் முதலே கணக்குப் போடுங்கள். ஒன்ராறியோவில் வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 105 கிலோமீட்டரில் அமைந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

துரு அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஒன்ராறியோ, கியூபெக் வண்டிகளுக்கு ஆம். வீதியில் போடும் உப்பு வண்டியின் அடிச்சட்டத்தின் (முழு வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டம்) இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்து, உள்ளே துரு வளர்ந்து தகடுகளை வெளிப்பக்கம் தள்ளும். பக்கத்தில் குனிந்து சட்டத்தின் விளிம்பை நீளமாகப் பாருங்கள், அலை அலையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்த சட்டம் என்றால் இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். வயர் இணைப்புகளைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் காரணம் பிடிபடாத மின் கோளாறு வந்துகொண்டே இருக்கும்.

பார்க்கப் போகும் நாளில் நானே என்ன செய்யலாம்?

எஞ்சினை முதலே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் அந்த முதல் நிமிடம்தான் அதிகம் சொல்லும்: எவ்வளவு நேரம் சுற்றுகிறது, என்ன நிறப் புகை, ஒயில் அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது.

கிளப்ப முன் கூலன்ட் தாங்கியைத் திறந்து பாருங்கள். மேலே ஒயில் படலம் மிதக்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் அல்லது இன்ஜெக்டர் கப் பக்கம் சந்தேகம். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது என்றால் ஈஜிஆர் கூலர். சூடேறிய பின் ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். மெல்லிய ஆவி பரவாயில்லை. மூடியைத் தூக்கி எறிவது போலப் புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

காற்றழுத்தம் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். ட்ராக்டர் தனியாக என்றால் அழுத்தம் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. முன் ரயர்களின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முன் சில்லைத் திருப்பும் பாகங்களான கிங் பின், டை ரொட் எல்லாம் சந்தேகம். ரயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் வருடமும்: 2321 என்றால் 2021இன் 23ஆம் கிழமை. பத்து ரயரையும் பாருங்கள், பத்தும் மாற்றப் பல ஆயிரம் டொலர் போகும்.

பிறகு ஓட்டுங்கள். சரக்கேற்றிய ட்ரெயிலரோடு ஓட்ட விட்டால் மிக நல்லது. தானியங்கிக் கியர் வண்டி என்றால் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி மெல்லக் கிளப்புங்கள். வண்டி நடுங்கி நடுங்கி எடுத்தால் கிளட்ச் முடிகிறது.

நானே இவ்வளவு பார்த்தபின் மெக்கானிக்குக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். விற்பவருடைய ஆள் வேண்டாம், அந்த எஞ்சினை நன்றாகத் தெரிந்த வேறு கராஜுக்குக் கொண்டு போங்கள். எஞ்சின் கணினியின் முழுப் பதிவு, புளோ-பை (பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு) அளவு, முடிந்தால் டைனோவில் ஏற்றிச் சக்தி அளப்பது, இவை மூன்றும் கேளுங்கள். "சேஃப்டி பாஸ்" என்ற சான்றிதழை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அது பிரேக், ஸ்டியரிங், அடிச்சட்டம் போன்றவை அன்றைக்குச் சரியாக இருந்தன என்று மட்டும் சொல்லும். எஞ்சினுக்குள்ளோ கியர்பெட்டிக்குள்ளோ அது பார்ப்பதில்லை.

ஒயில் பரிசோதனை எஞ்சினுக்கான இரத்தப் பரிசோதனை. செலவு மிகக் குறைவு. சோடியம், பொட்டாசியம் கூடுதலாக இருந்தால் கூலன்ட் ஒயிலில் கலக்கிறது. ஈயமும் செம்பும் கூடினால் பெயரிங் தேய்கிறது. சிலிக்கன் கூடினால் தூசி உள்ளே போகிறது. நேற்று மாற்றிய ஒயிலில் ஒன்றும் தெரியாது, ஆகவே ஒயில் எப்போது மாற்றியது என்பதும் தெரிய வேண்டும். "தம்பி, எஞ்சின் தங்கம், எதற்கு இதெல்லாம்" என்று விற்பவர் பரிசோதனைக்கு மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தவணை கட்டி முடிந்ததும் வண்டி சொந்தமாகும் லீஸ் டு ஓன் திட்டத்தைக் கொம்பனியே தருகிறது. எடுக்கலாமா?

மிகவும் யோசியுங்கள். வண்டியும் அவர்களுடையது, சரக்கும் அவர்கள் தருவது, கிழமைத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து முதலே கழியும். சரக்குக் குறைந்த மாதத்திலும் தவணை குறையாது. இடையில் விட்டால் கட்டியது போனதுதான். அமெரிக்காவில் அரசு அமைத்த பணிக்குழு ஒன்று 2025 ஜனவரியில் இப்படியான திட்டங்களைத் தடை செய்யும்படியே பரிந்துரைத்தது. எல்லாக் கொம்பனியும் ஒன்றில்லை, ஆனால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையில் எவ்வளவு காசு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்?

முற்பணம், காப்புறுதி, பிளேட் எல்லாம் போக, தொடவே கூடாத 15,000 டொலர் என்பது என் கணிப்பு. புகை அமைப்பில் ஒரு பெரிய வேலை வந்தாலே பல ஆயிரம். எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டினால் 20,000ஐத் தாண்டும். 50,000 டொலர் வண்டிக்கு எல்லாக் காசையும் கொட்டுவதை விட, 38,000க்கு வரலாறு தெரிந்த வண்டி ஒன்றை வாங்கி மீதியைக் கையில் வைத்திருப்பவர்தான் முதல் வருடத்தைத் தாண்டுகிறார். குரோமுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பத்திர வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

காசு கைமாற முன் விஐஎன் இலக்கத்தை வைத்து ஒன்ராறியோவின் கடன் பதிவில் தேடுங்கள். வண்டி மீது கடன் இருந்தால் வங்கி உங்களிடமிருந்தே அதை எடுத்துக்கொண்டு போகலாம். திருத்திய காசு கிடைக்காத கராஜும் உரிமை பதியலாம், அதையும் சேர்த்துத் தேடுங்கள். கியூபெக் வண்டி என்றால் அங்கே தனிப் பதிவேடு உண்டு. அடிச்சட்டத்தில் அடித்த இலக்கம், கதவுத் தகட்டில் உள்ளது, கணினியில் உள்ளது, பத்திரத்தில் உள்ளது நாலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டீலரிடம் கட்டும் 13 வீத எச்எஸ்டி விற்பனை வரியை, நீங்கள் எச்எஸ்டிக்குப் பதிந்திருந்தால் திரும்ப எடுக்கலாம். தனியாளிடம் வாங்கும்போது வரிக் கணக்கு மாறும், மாகாணத்துக்கு வெளியே ஓடும் வண்டிக்கு இன்னும் மாறும். கணக்காளரிடம் வாங்க முன் கேளுங்கள், வாங்கிய பின் இல்லை.

வாங்கியாயிற்று. முதலில் என்ன செய்வது?

எல்லா ஒயிலும் எல்லா ஃபில்டரும் மாற்றுங்கள், விற்பவர் மாற்றியதாகச் சொன்னாலும். எஞ்சின் ஒயில் மாற்றும்போதே ஒரு மாதிரி எடுத்து அனுப்பி வையுங்கள், பின்னாளில் ஒப்பிட அதுதான் அடிப்படை. பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், பட்டரி எல்லாம் பார்த்து, சந்தேகமானதை இப்போதே மாற்றுங்கள். முதல் சில கிழமை ரொறன்ரோவைச் சுற்றிய கிட்டடி ஓட்டங்களை எடுங்கள், கல்கரிக்கோ டெக்சஸுக்கோ உடனே போக வேண்டாம். எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை, எவ்வளவு காசு என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். நாலு வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் கேட்கப் போவது அந்தக் கொப்பியைத்தான்.